பிங் போகுது... பதில் வரலையே!



பஸ் ஸ்டாண்டில் போய் நின்று, "வல்லத்துக்கு பஸ் எப்போ சார்?" என்று கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்த கண்டக்டராக இருந்தால் பதில் சொல்ல மாட்டார். திருப்பிக் கேட்பார், "எந்த வல்லம்?"

நியாயமான கேள்விதான். தஞ்சாவூர் பக்கத்தில் ஒரு வல்லம் இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், தொழிற்சாலைகளுக்கு நடுவே இன்னொரு வல்லம். விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்தில் மூன்றாவது வல்லம். 'வல்லம்' என்று மட்டும் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. எந்த ஊர்ப் பக்கம் என்று சேர்த்துச் சொன்னால்தான் பஸ் ஏற முடியும்.

கம்ப்யூட்டருக்கும் அதே கதைதான். உங்க காலேஜ் சர்வருக்கு 192.168.1.10 என்று ஒரு ஐபி முகவரி இருக்கலாம். அதே முகவரி பக்கத்து ஊர் பாலிடெக்னிக்கிலும் இருக்கும், உங்க தெருமுனை பிரவுசிங் சென்டரிலும் இருக்கும். அந்த நாலு எண்ணில் எதுவரைக்கும் 'ஊர்', எங்கிருந்து 'வீட்டு நம்பர்' என்று கம்ப்யூட்டருக்கு யாராவது சொல்லணும். அதைச் சொல்கிற ஆசாமிதான் சப்நெட் மாஸ்க். (முகத்தில் போடுகிற மாஸ்க் இல்லீங்க!)

"இதெல்லாம் செமஸ்டருக்கு ரெண்டு மார்க் கேள்வி பாஸ்"னு பக்கத்தைப் புரட்டாதீங்க. இந்த ரெண்டு மார்க் சமாசாரத்தால் ஒரு மாணவி லேப்புக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போறேன்.

வராண்டாவிலிருந்து ஒரு போன்

2018-ம் வருஷம், ஒரு திங்கட்கிழமை காலை. செஞ்சி பக்கத்து வல்லத்திலிருந்து போன்.

"அண்ணா, நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம். எங்க லேப் சர்வர் போயிடுச்சு. நான்தான் காரணம்னு சொல்றாங்க."

குரல் அழுகிற பதத்தில் இருந்தது. விஷயம் இதுதான். அந்தக் கல்வி நிலையத்தில் (பேர் வேண்டாமே) ஒரு பழைய சர்வர். விண்டோஸ் சர்வர் 2003. இன்டர்னல் மார்க், பிராக்டிகல் ரெக்கார்டு, மாணவர்களின் புராஜெக்ட் ஃபோல்டர் எல்லாமே அதில்தான். சனிக்கிழமை சாயந்திரம் இந்தப் பொண்ணு ஒரு பென் டிரைவ் போட்டு, தன் புராஜெக்டை காப்பி பண்ணிக்கிட்டுப் போயிருக்கு. திங்கட்கிழமை காலையில் புது லேப்பில் பாதிக்கு மேல் சிஸ்டங்களில் சர்வர் திறக்கவில்லை.

ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு என்று கணக்குப் போட்டாச்சு! "பென் டிரைவ்ல வைரஸ் கொண்டாந்துட்டா. சரியாகற வரைக்கும் லேப்புக்குள்ள வரக் கூடாது." சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, "சர்வர் பழசு சார், தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க" என்று கொட்டேஷனும் கொடுத்துவிட்டார். புதன்கிழமை பிராக்டிகல் எக்ஸாம்.

"லேப் அசிஸ்டென்ட் அக்கா மட்டும்தான் நம்புறாங்க. உள்ள இருந்து அவங்க பார்த்துச் சொல்வாங்க, நான் வராண்டால நின்னு உங்ககிட்ட சொல்றேன். பரவால்லையாண்ணா?"

பரவாயில்லையாவது! இதைவிட நல்ல டீம் எங்கே கிடைக்கும்?

முதல் கேள்வி

நெட்வொர்க்கில் எதுவும் வேலை செய்யவில்லை என்றால் நாம் முதலில் செய்கிற காரியம் என்ன? கேபிளைப் பிடுங்கிச் சொருகுவது. அப்புறம் ரீஸ்டார்ட். அப்புறம் ஆன்டி வைரஸ் ஸ்கேன். அப்புறம் சாமி கும்பிடுவது! இந்த நாலுக்கும் முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: யாருக்கு வேலை செய்யுது, யாருக்குச் செய்யல?

கேட்டேன்.

"பழைய லேப்புல எல்லா சிஸ்டமும் ஓடுதுண்ணா. புது லேப்புல முப்பதுல கொஞ்சம் ஓடுது, கொஞ்சம் ஓடல."

"இன்டர்நெட்?"

"எல்லாத்துலயும் வருது."

அப்போ சர்வர் சாகவில்லை. பழைய லேப்பில் அத்தனை பேருக்கும் பதில் சொல்லிக்கிட்டு இருக்கிற சர்வர் எப்படிச் செத்திருக்கும்? கேபிளும் சுவிட்ச்சும் சரி, இல்லாவிட்டால் அந்த சிஸ்டங்களுக்கு இன்டர்நெட்டே வந்திருக்காது. வைரஸ் என்றால், ஒரே பெஞ்சில் ஒரு சிஸ்டத்தைப் பிடித்து அடுத்ததை விட்டுவிட்டு, சர்வரை மட்டும் மறைக்கிற அளவுக்கு நாகரிகமான வைரஸ் இருக்குமா? சந்தேகம்தான்.

"நோட்டு இருக்கா? நடுவுல ஒரு கோடு போடு. இடது பக்கம் ஓடுற சிஸ்டத்தோட ஐபி, வலது பக்கம் ஓடாத சிஸ்டத்தோட ஐபி. முப்பதையும் எழுது."

ஒவ்வொரு சிஸ்டத்திலும் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, 'ஐபிகான்ஃபிக்' அடித்து, அக்கா உள்ளேயிருந்து வாசிக்க வாசிக்க இவள் ஜன்னல் ஓரமாக நின்று எழுதினாள். அரை மணி நேரம் கழித்து மறுபடி போன். இந்தத் தடவை குரலே வேற!

"அண்ணா! பதினொண்ணு ஓடுது, பத்தொன்பது ஓடல. ஓடுற எல்லாத்துலயும் மூணாவது நம்பர் 1. ஓடாத எல்லாத்துலயும் மூணாவது நம்பர் 0!"

192.168.1.45, 192.168.1.112 ஓ.கே. 192.168.0.57, 192.168.0.63 அவுட். கேஸ் அந்த இடத்திலேயே பாதி முடிந்துவிட்டது. கண்டுபிடித்தது நான் இல்லை, நோட்டுப் புத்தகம் வைத்திருந்த அந்தப் பொண்ணு.

சனி ஞாயிறில் நடந்த இன்னொரு சமாசாரம்

"லீவு நாள்ல வேற யாராவது நெட்வொர்க்ல கை வெச்சாங்களானு அக்காகிட்ட கேளு."

வைத்திருக்கிறார்கள். 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளில், மாஸ்க் 255.255.255.0 ஆக இருந்தால், 254 சாதனங்களுக்குத்தான் இடம். ரெண்டு லேப், ஆபீஸ், ஸ்டாஃப் ரூம், அதற்கு மேல் வைஃபையில் ஒட்டிக்கொண்ட செல்போன்கள்... இடம் தீர்ந்துபோச்சு. அதனால் நெட்வொர்க் போட்டவர் ஞாயிற்றுக்கிழமை வந்து, ரவுட்டரில் மாஸ்க்கை 255.255.254.0 என்று மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். தப்பே இல்லை, சரியான வேலை. இதனால் 192.168.0.0 முதல் 192.168.1.255 வரை ஒரே நெட்வொர்க் ஆகிவிட்டது. 510 சாதனங்களுக்கு இடம்.

லேப் சிஸ்டங்கள் முகவரியையும் மாஸ்க்கையும் ரவுட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்த முறைக்குப் பேர் டி.எச்.சி.பி. அதனால் எல்லா சிஸ்டத்துக்கும் புது மாஸ்க் தானாக வந்துவிட்டது. பழைய முகவரியை விடாமல் வைத்திருந்தவை 1-லேயே தங்கின. முகவரி இல்லாமல் தவித்தவை 0-க்குக் குடிபோயின.

ஆனால் சர்வர்? சர்வருக்கு யாரும் டி.எச்.சி.பி.யில் முகவரி கொடுப்பதில்லை. தினமும் வீடு மாறினால் சர்வரை எப்படித் தேடுவது? அதனால் கையால் டைப் செய்து வைப்பார்கள். என்றைக்கோ ஒருநாள் யாரோ 255.255.255.0 என்று டைப் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே எல்லையை மாற்றிக்கொண்டது. மூலையில் இருந்த பழைய சர்வருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை!

"சர்வர்ல ஐபிகான்ஃபிக் அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஆல்னு அடிக்கச் சொல்லு. மாஸ்க் என்ன வருது?"

"255.255.255.0 அண்ணா."

"கேட்வே?"

"ஒண்ணுமே இல்ல. காலியா இருக்கு. சர்வருக்கு நெட் வேணாம், வைரஸ் வந்துடும்னு அப்பவே எடுத்துட்டாங்களாம்."

மீதிப் பாதியும் முடிந்தது.

செஞ்சிக் கோட்டைக் காவலாளி

இது ஏன் பிரச்னை ஆகிறது என்று புரிந்துகொள்ள, வல்லத்திலிருந்து அப்படியே செஞ்சிக்குப் போய் வரலாம் வாங்க. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மராட்டிய ராணுவக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருக்கிற ஒரே கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூணு மலை. ஒவ்வொரு மலைக்கும் தனித்தனி மதில். மூணையும் சேர்த்து வளைத்து ஒரு பெரிய மதில். வெளியே போய் வர வேலூர் வாசல், புதுச்சேரி வாசல்.

இப்போ ஒரு கற்பனை. ராஜகிரி மேலே ஒரு காவலாளி நிற்கிறான். கிருஷ்ணகிரியிலிருந்து ஒருத்தன் கத்திக் கூப்பிடுகிறான். காவலாளிக்கு நல்லாவே கேட்கிறது. ஆனால் அவனுக்குக் கொடுத்த உத்தரவு என்ன? "ராஜகிரி மதிலோட நம்ம எல்லை முடிஞ்சுது. அதைத் தாண்டி இருக்கிறவன் வெளியூர்க்காரன். வெளியூருக்குப் பதில் அனுப்பணும்னா வாசல் வழியாத்தான் அனுப்பணும்." சரி, வாசல் எங்கே? அதை யாருமே அவனுக்குச் சொல்லவில்லை. காவலாளி பதிலைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறான். கூப்பிட்டவன், "இந்த ஆள் செத்துட்டான் போல!" என்று முடிவு கட்டுகிறான்.

அந்தக் காவலாளிதான் நம்ம சர்வர். மதில்தான் மாஸ்க். வாசல்தான் கேட்வே.

192.168.0.57 என்ற சிஸ்டம் 255.255.254.0 மாஸ்க்கை வைத்துப் பார்க்கிறது. 'சர்வர் நம்ம மதிலுக்குள்ளதான் இருக்கு' என்று நேராக அனுப்புகிறது. அந்தத் தகவல் சர்வருக்குப் போய்ச் சேருகிறது! சர்வர் பதில் அனுப்பும்போது 255.255.255.0 மாஸ்க்கை வைத்துப் பார்க்கிறது. '0.57-ஆ? நம்ம ஊர் இல்லையே. கேட்வேக்கு அனுப்பு' என்கிறது. கேட்வே கட்டம் காலி. பதில் அங்கேயே காலி!

அப்போ 192.168.1.45 மட்டும் எப்படி ஓடியது? அந்த சிஸ்டத்தின் மாஸ்க்கும் சர்வர் மாஸ்க்கும் வேறதான். ஆனால் ரெண்டு மாஸ்க்கில் எதை வைத்துப் பார்த்தாலும் ரெண்டு பேரும் பக்கத்து வீடு. தப்பு இருந்தும் வெளியே தெரியவில்லை. அதனால்தான் இந்த மாஸ்க் கோளாறு இவ்வளவு பேரை ஏமாற்றுகிறது. முழுசாகப் படுத்தால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். பாதி ஓடி பாதி படுத்தால் பேய், பிசாசு, வைரஸ், பென் டிரைவ் என்று பழி எங்கெங்கேயோ போகும்.

இந்த வாரக் கட்டுரையில் ஒரே ஒரு வரி மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: மாஸ்க் என்பது நெட்வொர்க்கின் தலையில் எழுதியது இல்லை, ஒவ்வொரு மெஷினும் தனித்தனியாக நம்புகிற எல்லைக்கோடு. ரெண்டு பேர் நம்பிக்கை ஒத்துப் போகவில்லை என்றால் பேச்சு பாதியில் நிற்கும். அதனால், 'போகுதா' என்று பார்த்தால் போதாது. 'திரும்பி வர வழி இருக்கா' என்றும் பார்க்கணும்.

கணக்கு ஒண்ணும் கஷ்டமில்ல

பைனரி என்றாலே ஓடுபவர்களுக்கு: மூணாவது எண்ணை மட்டும் பார்த்தால் போதும்.

254 என்பது பைனரியில் 11111110. 1 என்பது 00000001. மாஸ்க்கில் 1 இருக்கிற இடத்தில் மட்டும் முகவரியின் பிட்டை அப்படியே எடுத்துக்கோங்க. மாஸ்க்கில் 0 இருக்கிற இடத்தில் 0 போடுங்க. இதுதான் 'ஆண்டு' ஆபரேஷன். கடைசி பிட்டில் மாஸ்க் 0, அதனால் அங்கே இருந்த 1 காணாமல் போய்விடும். விடை 0. அதாவது 192.168.1-ல் இருப்பவனுக்கும் 192.168.0-ல் இருப்பவனுக்கும் ஊர் ஒண்ணுதான்: 192.168.0.0.

அதே 192.168.1.10-ஐ 255.255.255.0 மாஸ்க்கோடு சேர்த்தால்? 255 என்பது எல்லாமே 1. எதுவும் மறையாது. ஊர் 192.168.1.0. முகவரி அதேதான், மாஸ்க் மாறியதும் ஊரே மாறிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்!

சரி, அந்த 255.255.255.0-ஐ யார் போட்டது?

பெரும்பாலும் யாரும் யோசித்துப் போட்டிருக்க மாட்டார்கள். பழைய விண்டோஸில் ஐபி முகவரியை டைப் செய்து, டேப் கீயைத் தட்டினால் மாஸ்க் கட்டம் தானாக நிரம்பும். 192.168 என்று தொடங்கினால் 255.255.255.0. 10 என்று தொடங்கினால் 255.0.0.0. நம்ம ஆட்கள் 'கம்ப்யூட்டரே போட்டுடுச்சு, சரியாத்தான் இருக்கும்' என்று ஓ.கே. கொடுத்துவிடுவார்கள்.

அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? 1981-ல் இன்டர்நெட் புரோட்டோகால் வகுத்தபோது முகவரிகளை கிளாஸ் ஏ, பி, சி என்று ரகம் பிரித்தார்கள். முதல் எண்ணைப் பார்த்தே எது ஊர், எது வீடு என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரே கிளாஸ் பி-க்குள் 65,536 முகவரி! அத்தனையையும் ஒரே நெட்வொர்க்காக வைத்து எப்படி மேய்ப்பது? 1985-ல் ஜெஃப்ரி மொகுலும் ஜான் போஸ்டலும் எழுதிய ஆர்.எஃப்.சி. 950, பெரிய நெட்வொர்க்கை மாஸ்க் வைத்துச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொள்ள விதிமுறை கொடுத்தது. சப்நெட் பிறந்த கதை இதுதான்.

நம்ம நாட்டிலும் இதற்கு அசல் உதாரணம் உண்டு. 1986-ல் தொடங்கிய ஈ.ஆர்.நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி நெட்வொர்க்கில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஆரம்பகாலப் பங்காளி. அந்த நெட்வொர்க்கின் 144.16 என்று தொடங்கும் கிளாஸ் பி தொகுதியை பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., மும்பை ஐ.ஐ.டி. போன்ற இடங்கள் மூணாவது எண் வாரியாகப் பிரித்துப் பயன்படுத்தின. ஒரே மனையில் அண்ணன் தம்பிகள் சுவர் வைத்துக் குடியிருந்த மாதிரி!

1993-ல் கிளாஸ் முறையையே ஓரங்கட்டிவிட்டு சி.ஐ.டி.ஆர். வந்தது. இன்றைக்கு '/23', '/24' என்று எழுதுகிறோமே, அது இதுதான். 255.255.254.0-ல் தொடர்ந்து 23 ஒன்று இருப்பதால் /23. கிளாஸ் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. ஆனால் அந்த டேப் கீயின் ஞாபகத்தில் மட்டும் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

உங்க லேப்பில் நடந்தால்...

இதைக் கிழித்து நோட்டில் ஒட்டிக்கோங்க.

1. முதலில் பட்டியல். ஓடுவது, ஓடாதது என்று ரெண்டு பத்தி. ஐபி, மாஸ்க் ரெண்டையும் எழுதுங்க. பத்தில் ஒன்பது கேஸில் பட்டியலே காட்டிக் கொடுத்துவிடும்.

2. ரெண்டு முனையிலும் பாருங்க. நாம் எப்போதும் ஓடாத சிஸ்டத்தையே நோண்டிக்கொண்டிருப்போம். கோளாறு எதிர்முனையில், அதாவது சர்வரில் இருக்கலாம்.

3. பேரை விட்டு எண்ணால் பிங் பண்ணுங்க. எண்ணுக்குப் பதில் வந்து, பேருக்கு வரவில்லை என்றால் அது மாஸ்க் பிரச்னையே இல்லை, பேரை முகவரியாக மாற்றுகிற டி.என்.எஸ். பக்கம் பாருங்க.

4. ரெண்டு திசையிலும் பிங் பண்ணி, வருகிற வாசகத்தைப் படியுங்க. வல்லத்தில் சிஸ்டத்திலிருந்து சர்வருக்கு 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்தது. 'அனுப்பினேன், பதில் வரல' என்று அர்த்தம். சர்வரிலிருந்து சிஸ்டத்துக்கு 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தது. 'அனுப்பவே வழி தெரியல' என்று அர்த்தம். ரெண்டும் ஒண்ணு இல்லை! ஒரு எச்சரிக்கை: ஃபயர்வால் பிங்கைத் தடுப்பது உண்டு. பிங் வரவில்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீங்க.

5. பிங் செய்த கையோடு 'ஏ.ஆர்.பி.' கமாண்டில் ஒரு கோடு போட்டு 'ஏ' அடித்துப் பாருங்க. பட்டியலில் சர்வரின் மேக் முகவரி தெரிந்தால் கேபிள், சுவிட்ச் எல்லாம் நல்லா இருக்கு. கிரிம்ப்பிங் டூலைக் கீழே வைக்கலாம்.

6. தலைகீழ் கேஸையும் மறக்காதீங்க. மாஸ்க்கை அளவுக்கு மேல் பெரிசாக, 255.255.0.0 என்று போட்டால், ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற 192.168.5.20-ஐயும் சர்வர் பக்கத்து வீடு என்று நம்பும். வாசலுக்குப் போகாமல் வீட்டு வாசப்படியில் நின்றே கத்திக்கொண்டிருக்கும். இன்டர்நெட் நன்றாக வரும், பக்கத்து பிளாக் மட்டும் வராது.

7. கையால் முகவரி போட்ட எல்லாவற்றையும் தேடுங்க. நெட்வொர்க் பிரின்டர், விரல்ரேகை அட்டென்டன்ஸ் மெஷின், சி.சி.டி.வி. ரெக்கார்டர்... மாஸ்க் மாற்றுகிற அன்றைக்கு இவை எல்லாமே சர்வரோடு சேர்ந்து அனாதை ஆகும்.

8. மாற்றுவதற்கு முன் பழைய எண்களை எழுதி வையுங்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க. நாலை ஒண்ணா மாற்றிச் சரியாகிவிட்டால், எதனால் சரியாச்சு என்று கடைசி வரை தெரியாது.

லினக்ஸ் சர்வராக இருந்தாலும் லாஜிக் இதேதான். கமாண்ட் மட்டும் வேற. பழசில் 'ஐஎஃப்கான்ஃபிக்', புதுசில் 'ஐபி அட்ரஸ்'.

திரும்ப வல்லத்துக்கு

வைத்தியம் என்ன என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். சர்வரில் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் திறந்து, லோக்கல் ஏரியா கனெக்ஷனின் பிராப்பர்ட்டீஸ் போய், டி.சி.பி./ஐபி-யைத் தேர்ந்தெடுத்து, மாஸ்க்கில் ஒரே ஒரு எண்ணை, 255-ஐ 254 என்று மாற்ற வேண்டும். துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் அக்கா மாற்றினார். சர்வரை ரீஸ்டார்ட் கூடச் செய்யவில்லை. பத்தொன்பது சிஸ்டமும் வரிசையாகத் திறந்தன. போனில் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. மதியம் பிரின்டரும் இதே மாதிரி மக்கர் பண்ணியபோது அவர்கள் எனக்கு போன் செய்யவில்லை. தாங்களே சரி செய்துவிட்டார்கள்!

பென் டிரைவை ஸ்கேன் செய்தார்கள். ஒண்ணுமில்லை. அந்தப் பொண்ணிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. "சரி சரி, போய் பிராக்டிகலுக்குப் படி" என்றார்களாம். புதன்கிழமை அதே புது லேப்பில் உட்கார்ந்து எக்ஸாம் எழுதினாள். அக்கா ஒரு காரியம் செய்தார். சர்வர் கேபினெட் மேல் ஒரு தாளை ஒட்டி, கையால் முகவரி போட்ட எல்லா சாதனங்களின் ஐபி, மாஸ்க், மாற்றிய தேதி என்று அழகாக எழுதி வைத்தார். பல லட்ச ரூபாய் நெட்வொர்க்குகளில்கூட இல்லாத வசதி அது.

ஒரு விஷயத்தில் அந்த சர்வீஸ் ஆள் சொன்னதும் முழுத் தப்பில்லை. விண்டோஸ் சர்வர் 2003-க்கு மைக்ரோசாஃப்ட் 2015 ஜூலை 14-ம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. 2017 மே மாதம் வான்னாகிரை வைரஸ் உலகத்தையே உலுக்கியபோது, நிறுத்திய அந்த சர்வருக்கும் விதிவிலக்காக ஒரு பேட்ச் கொடுக்க வேண்டி வந்தது. ஆகவே பழைய சர்வரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பேக்கப் எடுத்து, தேதி குறித்து, திட்டம் போட்டு மாற்ற வேண்டும். எக்ஸாமுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஒரு மாணவி மேல் பழியைப் போட்டுவிட்டு அல்ல. இன்னொன்றும் யோசியுங்க. அன்றைக்குப் புது சர்வர் வாங்கி, பழைய எண்களையே பார்த்து டைப் செய்திருந்தால்? அதுவும் அதே பத்தொன்பது பேரோடு பேசாமல் உம்மென்று உட்கார்ந்திருக்கும்!

இந்த வார ஹோம்வொர்க்

ஒரு சிஸ்டம் 192.168.1.20. இன்னொன்று 192.168.2.20. ரெண்டுக்கும் மாஸ்க் 255.255.254.0. ரெண்டும் ஒரே ஊரா?

'1-க்கு அடுத்தது 2, பக்கத்து வீடுதானே' என்று அவசரப்படாதீங்க. மேலே சொன்ன மாதிரி மூணாவது எண்ணைப் பைனரியில் எழுதி மாஸ்க்கோடு சேர்த்துப் பாருங்க. 1-க்கு விடை 0. 2-க்கு விடை 2. ரெண்டும் வேற வேற ஊர்! 0-வும் 1-ம் ஜோடி, 2-ம் 3-ம் ஜோடி. இந்த மாஸ்க்கில் ஜோடி எப்போதும் இரட்டைப்படை எண்ணில்தான் தொடங்கும். நெட்வொர்க்கைப் பெரிசு பண்ணுகிறேன் என்று 1-ஐயும் 2-ஐயும் சேர்க்கப் பார்த்து மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய பேர். இன்டர்வியூவில் இதே கேள்வி வந்தால் அசத்திடுங்க.

அடுத்த தடவை உங்க லேப்பில் "யாரு என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று குரல் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்க. மீதியை எண்கள் சொல்லும்.

அடுத்த வாரம் பார்ப்போம். பை... பை!